21.5 செண்ட் எங்கே போகிறது: நான்கு கார்டுகளும் ஒரு உட்கருவும்

நிகழ்வு

சி மேஜர், ஏ மைனர், டி மைனர், ஜி மேஜர், மறுபடி சி மேஜர். கீபோர்டு பழகத் தொடங்கியவர்கள்கூட சீக்கிரமே வாசித்துவிடும் கார்டு வரிசை இது. கார்டு என்றால் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். இதையே வாத்தியம் எதுவும் இல்லாமல் நல்ல பாடகர் குழு ஒன்று பாடுவதாக வைத்துக்கொள்வோம். நிபந்தனைகள் இரண்டுதான். ஒவ்வொரு கார்டும் விம்மல் (சுரங்கள் உரசி ஒலி ஏறி இறங்குவது) இல்லாமல் சுத்தமாகச் சேர வேண்டும். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இரண்டுக்கும் பொதுவான சுரத்தை யாரும் அசைக்கக் கூடாது.

இரண்டையும் பிடிவாதமாகக் கடைப்பிடித்தால், சுற்று முடிந்து வந்து நிற்கும் சி, கிளம்பிய சி-யை விட 21.5 செண்ட் தாழ்ந்திருக்கும். ஒரு ஸ்தாயிக்கு 1200 செண்ட், கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே 100 செண்ட் என்பது கணக்கு. ஐந்து சுற்று பாடினால் 107.5 செண்ட் இறங்கிவிடும். அதாவது அரைச் சுரத்துக்கும் மேல்.

இதில் பாடகர்களின் தப்பு எதுவும் இல்லை. இந்த வகைச் சரிவைப் பெனெதெத்தி என்ற இத்தாலியக் கணித அறிஞர், இசையமைப்பாளர் சிப்ரியானோ தே ரோரேவுக்கு எழுதிய கடிதங்களிலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அவை 1585-இல் அச்சாகின. சரிவுக்குக் காரணம் எண்களில் இருக்கிறது. அந்த எண்களை நேரியல் இயற்கணிதத்தின் கண்ணாடி வழியே பார்த்தால், டெம்பரமெண்ட் (சுத்தமான அளவுகளைச் சற்றே வளைத்துச் சுருதி சேர்க்கும் முறை) பற்றிய பேச்சில் வழக்கமாகக் குழம்பிக் கிடக்கும் இரண்டு கேள்விகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். எந்த இடைவெளியை, அதாவது இரண்டு சுரங்களுக்கு நடுவேயுள்ள எந்தத் தூரத்தை, பூஜ்யமாக்குவது என்பது ஒன்று. அப்படி ஆக்கிய பிறகு மிச்ச இடைவெளிகளை எத்தனை செண்டில் வைப்பது என்பது இன்னொன்று. முதலாவது முழு எண்களின் விஷயம். அதில் ஆம், இல்லை என்ற பதில்தான் உண்டு. இரண்டாவது தசம எண்களின் விஷயம். பிழையை எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பழைய சண்டைகளில் பாதி, முதலாவதில் ஒத்துப்போனவர்கள் இரண்டாவதுக்காகப் போட்டுக்கொண்டவை.

விகிதம் வெக்டர் ஆகிறது

சுத்தமான இடைவெளிகள் முழு எண் விகிதங்கள். ஸ்தாயி 2/1, பஞ்சமம் 3/2. அந்தர காந்தாரம், அதாவது மேஜர் தேர்டு, 5/4. சாதாரண காந்தாரம், அதாவது மைனர் தேர்டு, 6/5. இவை எல்லாவற்றையும் 2, 3, 5 என்ற மூன்று பகா எண்களின் அடுக்குகளாக எழுதிவிடலாம். அடுக்குகளை மட்டும் எடுத்து வரிசையாக வைத்தால் வெக்டர் தயார்: பஞ்சமம் (−1, 1, 0), மேஜர் தேர்டு (−2, 0, 1), மைனர் தேர்டு (1, 1, −1). இடைவெளிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது விகிதங்களைப் பெருக்குகிறோம். வெக்டர்களைக் கூட்டினாலே போதும்.

இனி நம் கார்டு வரிசையின் மூல சுரங்களை (ஒவ்வொரு கார்டின் பெயரிலும் உள்ள சுரத்தை) தொடரலாம். சி-யிலிருந்து ஏ-க்கு ஒரு மைனர் தேர்டு இறக்கம்: (−1, −1, 1). ஏ-யிலிருந்து டி-க்கு 4/3 ஏற்றம்: (2, −1, 0). டி-யிலிருந்து ஜி-க்கும் அதே ஏற்றம். ஜி-யிலிருந்து சி-க்கு ஒரு பஞ்சமம் இறக்கம்: (1, −1, 0). நான்கையும் கூட்டினால் (4, −4, 1). விகிதமாக 80/81.

பகா எண்களாகப் பிரிப்பது ஒரே ஒரு வழியில்தான் முடியும். அதனால் பூஜ்யமில்லாத முழு எண் வெக்டர் எதுவும் 1/1 என்ற விகிதத்தைத் தராது. சுற்றின் கூட்டுத்தொகை பூஜ்யமில்லை என்றால் சரிவு உறுதி. எவ்வளவு கவனமாகப் பாடினாலும் தப்பிக்க வழியில்லை. இதன் எதிர்த்திசை வெக்டரான (−4, 4, −1)-க்கு, அதாவது 81/80-க்கு, சின்டோனிக் கமா என்று பெயர். இந்த ஆய்வில் வெறுமனே கமா என்றால் இதுதான்.

சுருதி சேர்ப்பது என்றால் இந்த மொழியில் என்ன? 2, 3, 5 மூன்றுக்கும் தலா ஒரு செண்ட் மதிப்பு கொடுப்பது. சுத்தமான மதிப்புகள் (1200, 1901.955, 2786.314). எந்த இடைவெளியின் அளவு வேண்டுமோ அதன் வெக்டரோடு இதைப் புள்ளிப் பெருக்கல் செய்தால் போதும். கமாவுக்குச் செய்து பார்த்தால் −4800 + 7607.820 − 2786.314 = 21.506. சரிவின் அளவு இங்கிருந்துதான் வருகிறது.

கமாவைப் பூஜ்யமாக்குதல்

சிகிச்சை எளிது: அந்தப் பெருக்கல் பலன் பூஜ்யமாகும்படி மூன்று மதிப்புகளையும் கொஞ்சம் வளைக்க வேண்டும். எப்படி வளைத்தாலும் சரி, 81/80 பூஜ்யமானால் நான்கு பஞ்சமங்களை அடுக்கியதும் 5/1 என்ற இடைவெளியும் ஒன்றாகிவிடும். ஆகவே மூன்று பகா எண்கள் தேவையில்லை. ஸ்தாயி, பஞ்சமம் என்ற இரண்டே போதும். 2 என்பது (1, 0) ஆகிறது, அதாவது ஒரு ஸ்தாயி. 3 என்பது (1, 1): ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும். 5 என்பது (0, 4): நான்கு பஞ்சமம். இந்த மூன்றையும் நிரல்களாக வைத்த 2×3 அணிதான் மீன்டோன் டெம்பரமெண்ட். அதில் செண்ட் கணக்கு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முழு எண்கள் மட்டுமே. இந்த உருமாற்றம் பூஜ்யத்துக்கு அனுப்பும் வெக்டர்களின் தொகுப்பு, அதாவது உட்கரு, (−4, 4, −1)-இன் மடங்குகள்.

கார்டு வரிசையை இந்த அணி வழியே அனுப்பிப் பார்க்கலாம். முதல் நகர்வு (−2, 3), அடுத்த இரண்டும் (1, −1), கடைசி (0, −1). கூட்டினால் (0, 0). சுற்று மூடிக்கொண்டது.

இன்னும் ஒரு படி போய் எல்லா இடைவெளிகளையும் ஒரே ஒரு படியின் மடங்குகளாக்கினால் சமப் பிரிவுகள் கிடைக்கும். ஸ்தாயியை 12 ஆகப் பிரித்தால் 2-க்கு 12 படி, 3-க்கு 19, 5-க்கு 28. 19 ஆகப் பிரித்தால் (19, 30, 44). இரண்டுமே கமாவைப் பூஜ்யத்துக்கு அனுப்புகின்றன: −48 + 76 − 28 = 0, −76 + 120 − 44 = 0. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது. (12, 19, 28), (19, 30, 44) இரண்டுக்கும் குறுக்குப் பெருக்கல் செய்யுங்கள். முதல் உறுப்பு 19×44 − 28×30 = −4. இரண்டாவது 28×19 − 12×44 = 4. மூன்றாவது 12×30 − 19×19 = −1. விடை (−4, 4, −1), அந்தக் கமாவேதான். கமா என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்கூட, 12 பிரிவும் 19 பிரிவும் எதில் ஒத்துப்போகின்றன என்று கேட்டால் இந்த விடைக்குத்தான் வந்து சேருவார்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 128/125 என்ற டயசிஸ் (7, 0, −3). மூன்று மேஜர் தேர்டுகளை அடுக்கினால் ஸ்தாயிக்குக் குறையும் 41.059 செண்ட் அது. கமாவுக்கும் டயசிஸுக்கும் குறுக்குப் பெருக்கல் செய்தால் (−12, −19, −28). குறியை மாற்றினால் 12 சமப் பிரிவு. டயசிஸுக்குப் பதிலாக 25/24-ஐ, அதாவது (−3, −1, 2)-ஐ வைத்தால் (7, 11, 16) வருகிறது: ஏழு சுரம். டச்சு இயற்பியலாளர் அட்ரியான் ஃபோக்கர் இப்படிச் சிறு இடைவெளிகளின் வெக்டர்களை எடுத்து, அவை அடைக்கும் கட்டத்துக்குள் எத்தனை சுரம் அடங்கும் என்று அணிக்கோவையால் எண்ணினார். அந்த எண்ணிக்கைகள் எல்லாம் இந்தப் பெருக்கலின் முதல் உறுப்புகள்தான்.

எத்தனை செண்ட்

கமா பூஜ்யம் என்று முடிவாகிவிட்டது, ஸ்தாயி 1200-இலேயே இருக்கட்டும். மிச்சம் இருப்பது ஒரே ஒரு சுதந்திரம்: பஞ்சமத்தை எவ்வளவு தளர்த்துவது. கமாவை க என்றும் தளர்வை த என்றும் வைத்தால் மூன்று பிழைகளும் நேரடியாக வந்துவிடும். பஞ்சமத்தில் −த. மேஜர் தேர்டில் க − 4த. மைனர் தேர்டில் 3த − க.

மூன்று பிழைகளில் மிகப் பெரியதைச் சிறிதாக்க வேண்டும் என்றால், த = க/4. பஞ்சமம் 696.578 செண்ட், மேஜர் தேர்டு துல்லியமாகச் சுத்தம், மற்ற இரண்டும் 5.377 செண்ட் குறைவு. தளர்வை இதைவிடக் குறைத்தால் மைனர் தேர்டு கெடும், கூட்டினால் பஞ்சமம் கெடும். இதுதான் புகழ்பெற்ற கால் கமா மீன்டோன். 1523-இல் பியெத்ரோ ஆரோன் விவரித்த முறையை வழக்கமாக இதோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். மேஜர் தேர்டு சுத்தமாக இருப்பதால் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வதே வழக்கம். சரிதான், ஆனால் மிகப் பெரிய பிழையைச் சிறிதாக்கும் விடையும் இதுவே என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டிச் சிறிதாக்கினால்? வகைக்கெழு எடுத்துப் பூஜ்யமாக்கினால் 52த = 14க, ஆக த = 7க/26. பஞ்சமம் 696.165. வெஸ்லி உல்ஹவுஸ் 1835-இல் தந்த விடை இது. இரண்டு தேர்டுகளும் ஒரே அளவு பிசக வேண்டும் என்றால் த = 2க/7; இரண்டும் 3.072 செண்ட் குறையும். சர்லினோ 1558-இல் முன்வைத்தது அது. மைனர் தேர்டு சுத்தமாக வேண்டும் என்றால் த = க/3, இது சலினாஸின் 1577-ஆம் ஆண்டு முறை. இதில் பஞ்சமம் 694.786, 19 சமப் பிரிவின் பஞ்சமமோ 694.737. காதுக்கு இரண்டும் ஒன்றே. இன்றைய 12 சமப் பிரிவு தளர்வை 1.955-ஓடு நிறுத்திக்கொள்கிறது, அதனால் பஞ்சமம் ஏறக்குறைய சுத்தம், மேஜர் தேர்டு 13.686 செண்ட் கூடுதல், மைனர் தேர்டு 15.641 குறைவு. 1691-இல் ஹைகன்ஸ் எழுதிய 31 பிரிவில் மேஜர் தேர்டு 0.783 செண்ட் மட்டுமே கூடுதல். (31, 49, 72) என்பது 12-இன் வெக்டரையும் 19-இன் வெக்டரையும் கூட்டினாலே வருவது, ஆகவே கமா இதிலும் பூஜ்யம்.

இத்தனை பேரும் ஒரே அணியைத்தான் வைத்திருந்தார்கள். வேறுபட்டது பிழையை அளந்த விதம் மட்டும்.

ஓநாய்

கால் கமா மீன்டோனில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை உள்ள கீபோர்டைச் சேர்த்தால், பதினோரு பஞ்சமங்கள் 696.578 செண்டில் அமையும். பன்னிரண்டாவது 737.637 ஆகிவிடும். அது ஊளையிடுவதால் ஓநாய்ப் பஞ்சமம் என்று பெயர் வாங்கியது. அடிக்கடி இது மீன்டோனின் குறையாகவே எழுதப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 737.637-இலிருந்து 696.578-ஐக் கழித்துப் பாருங்கள்: 41.059. டயசிஸின் அளவு, துளி கூடக்குறைய இல்லாமல்.

மீன்டோன் அணியின் தரம், அதாவது அதில் மிஞ்சும் தனித்தனி அளவுகளின் எண்ணிக்கை, 2. அதன் உட்கருவில் கமா உண்டு, டயசிஸ் கிடையாது. 12 கட்டையோடு நின்றுவிடும் கீபோர்டோ, ஜி ஷார்ப்பையும் ஏ ஃபிளாட்டையும் ஒரே கட்டையில் உட்கார வைத்து, டயசிஸும் பூஜ்யம் என்று நினைத்துக்கொள்கிறது. அதாவது தரம் 1. பொருந்தாத இரண்டைச் சேர்த்து வைத்ததன் விளைவுதான் ஊளை. தீர்வும் இரண்டே: டயசிஸையும் பூஜ்யமாக்கி 12 சமப் பிரிவுக்குப் போகலாம், அல்லது கட்டைகளைக் கூட்டலாம். பழைய கருவிகளில் பிளந்த கறுப்புக் கட்டைகள் வந்தது இரண்டாவது வழியில்.

போகிற போக்கில்: 12 பஞ்சமங்கள் 7 ஸ்தாயியைத் தாண்டும் பித்தாகோரஸ் கமா, (−19, 12, 0), மூன்று சின்டோனிக் கமாவிலிருந்து ஒரு டயசிஸைக் கழித்தால் வருவது. இரண்டும் பூஜ்யமானால் அதுவும் தானாகவே பூஜ்யம்.

துல்லியம் போதாத இடம்

ஸ்தாயியை 53 ஆகப் பிரித்தால் பஞ்சமத்தில் பிழை 0.07 செண்ட், மேஜர் தேர்டில் 1.4. மொத்தமாகப் பார்த்தால் இதுவரை பார்த்த எல்லாவற்றையும் விட மிகச் சுத்தம். அப்படியானால் நம் கார்டு வரிசையை இதில் வாசித்தால் பிரச்சினை தீர வேண்டுமே? தீராது. 53-இன் வெக்டர் (53, 84, 123). கமாவோடு பெருக்கினால் −212 + 336 − 123 = 1. கமா இங்கே ஒரு முழுப் படி. சுற்றுக்கு ஒரு படி, 22.6 செண்ட், இறங்கிக்கொண்டே போகும். பாடகர் குழுவை விடவும் ஒரு செண்ட் மோசம்.

53 பிரிவு பூஜ்யமாக்குவது வேறொன்றை: சிஸ்மா, (−15, 8, 1), வெறும் 1.954 செண்ட். அதைப் பூஜ்யமாக்க யாரையும் பெரிதாக வளைக்க வேண்டியதில்லை, அதனால்தான் அந்தத் துல்லியம். கமா ஒளிந்திருக்கும் கார்டு வரிசைகளுக்கு அது உதவாது. எத்தனை சுத்தம் என்ற ஒரே அளவுகோலில் டெம்பரமெண்ட்டுகளைத் தரவரிசைப்படுத்துபவர்கள் தவறுவது இங்கேதான். எந்த இசையை வாசிக்கப் போகிறோம், அதன் சுற்றுகளின் கூட்டுத்தொகை எந்த உட்கருவில் விழுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு பொறி

கணினியில் இந்தக் கணக்குகளைப் போடுபவர்கள் சிக்கும் இடம் ஒன்று உண்டு. 648/625-ஐயும் 2048/2025-ஐயும் பூஜ்யமாக்க நினைக்கிறோம்: (3, 4, −4), (11, −4, −2). குறுக்குப் பெருக்கல் (−24, −38, −56) தருகிறது. ஆகா, 24 சமப் பிரிவு கிடைத்தது என்று தோன்றும். கிடைக்கவில்லை. மூன்று உறுப்புகளுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 2. வகுத்தால் பழைய (12, 19, 28) தான்.

காரணத்தைப் பார்க்க இரண்டு வெக்டர்களையும் கூட்டுங்கள்: (14, 0, −6). இது டயசிஸின் இரண்டு மடங்கு. அந்த இரண்டு வெக்டர்களின் முழு எண் சேர்க்கையாக இரட்டை டயசிஸ் வருகிறது, ஒற்றை டயசிஸ் வராது. ஃபோக்கரின் முறையில் எண்ணினால் உண்மையிலேயே 24 சுரம் அடங்கும் கட்டம் அது. ஆனால் சுருதி சேர்க்கும்போது இடைவெளிகளின் அளவுகள் மெய்யெண்கள். எதன் இரண்டு மடங்கு பூஜ்யமோ அதுவும் பூஜ்யம். ஆக 24 சுரங்களும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு 12 ஆகிவிடும். விடையின் மீப்பெரு பொது வகுத்தி 1 தானா என்று பார்க்காத நிரல், இல்லாத டெம்பரமெண்ட்டுகளைப் பட்டியலிட்டுக்கொண்டே இருக்கும்.

நான்காவது பகா எண்

7-ஐயும் சேர்த்தால் வெக்டருக்கு நான்கு உறுப்பு. இரண்டு வெக்டர்களைக் குறுக்கே பெருக்கி ஒன்றைப் பெறும் வசதி போய்விடும். அங்கே 1844-இல் ஜெர்மன் கணித அறிஞர் கிராஸ்மன் உருவாக்கிய இயற்கணிதம் கைகொடுக்கிறது. வேலை கூடும், கருத்து அதேதான். மீன்டோனில் பத்து பஞ்சமம் ஏறி மூன்று ஸ்தாயி இறங்கினால் 7-இன் பக்கத்தில் நிற்போம்: கால் கமாவில் 3365.78 செண்ட், சுத்தமான மதிப்பு 3368.83. செலவில்லாமல் கிடைத்த துல்லியம். பகா எண்கள் கூடக் கூட, தளர்வைக் கையால் தேடாமல் மீச்சிறு வர்க்க முறையில் அணியின் போலி நேர்மாறை எடுத்துவிடுவது வழக்கம்.

கார்டு வரிசைக்குத் திரும்பினால்

கார்டு சுத்தமாகவும் இருக்க வேண்டும், சுற்றும் மூட வேண்டும் என்றால்? 1555-இல் இத்தாலிய இசை அறிஞர் விசென்டினோ, ஆர்ச்சிசெம்பலோ என்ற தன் கீபோர்டு வாத்தியத்துக்குச் சொன்ன இரண்டாவது சேர்ப்பு முறை இதற்கு வழி தருகிறது. மீன்டோனில் சேர்த்த கட்டைகள் ஒரு தொகுதி, அதிலிருந்து கால் கமா தள்ளிச் சேர்த்தவை இன்னொரு தொகுதி. மூல சுரங்களை முதல் தொகுதியில் வைத்து, மீன்டோனில் குறைந்துபோகும் சுரங்களை இரண்டாவதிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு கார்டும் சுத்தமாகிறது. கணிதமாகச் சொன்னால் மூல சுரங்களின் நகர்வு மட்டும் 2×3 அணி வழியே போகிறது. கார்டுக்கு உள்ளே இருக்கும் இடைவெளிகள் பழைய முப்பரிமாண வெக்டர்களாகவே இருக்கின்றன.

விலை, தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது நிபந்தனை. சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது பொதுவான சி 5.377 செண்ட் ஏற வேண்டும். ஏ மைனரிலிருந்து டி மைனருக்கு ஏ அதே அளவு ஏறும். அடுத்து டி, அதற்கடுத்து ஜி, அதே அளவு. நான்கு தாவல்களையும் கூட்டினால் 21.506. கமா முழுவதும் இங்கே நான்கு தவணையாகச் செலுத்தப்படுகிறது.